குப்பைமேட்டுப் பிள்ளை

கும்பாலிக்
25 அக்டோபர் 1987

அன்புள்ள கோஜோவுக்கு,

ஆண்டவர் கிருபையில் வந்து சேர்ந்துவிட்டேன். முதுகெலும்பைத் தவிர மற்றதெல்லாம் நலம். வடக்கே திரும்பும் வள்ளிக்கிழங்கு லாரியில், உப்பு மூட்டைகளுக்கு நடுவில் இன்னொரு மூட்டையாக உட்கார்ந்து வந்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும். உன் இருமல் எப்படி இருக்கிறது? அத்தையின் முழங்கால் எப்படி? அடுப்புப் புகையில் நிற்காதே என்று சொன்னேனே, ஒரு நாளாவது கேட்டாயா?

எங்கள் தொண்டர் குழுவில் ஐந்து பேர். போதகர் ஆர்ஹின், கிணறு வெட்ட இரண்டு கொத்தனார்கள், எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார், அப்புறம் நான். குளத்துத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கப் பெண்களைப் பழக்குவது என் வேலை. இங்கே நரம்புச்சிலந்தி அதிகம். காலைக் கிழித்துக்கொண்டு புழு வெளியே வரும்போது பெரிய ஆம்பிளைகளே உட்கார்ந்து அழுகிறார்கள். எங்கள் பேச்சை ஊர்க்காரர்களுக்கு மாற்றிச் சொல்ல நாகோஜா என்று ஒருவன் இருக்கிறான். மூன்று மொழி தெரியும், மூன்றிலும் கேலிதான் பேசுவான். நீ கட்டிக்கொடுத்த ரொட்டியை எடுத்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இன்னும் ரெண்டு மூட்டை இது வந்தா நம்ம கோயிலுக்குச் சுவரு எழுப்பிடலாம்" என்றான். கஞ்சியில் ஊறவைத்து எல்லோருமாகச் சாப்பிட்டோம்.

போகாதே என்று நீ வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நின்றிருப்பேனா, தெரியாது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பிறந்த ஒரே பெண்ணும் பெயர் வைக்கும் எட்டாம் நாளைப் பார்க்காமலே போய்விட்டாள். அதிலிருந்து அத்தை சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைக்கிற சத்தம்கூட என்னை ஏதோ சொல்வது போலவே இருக்கிறது. வடக்கே ஊழியத்துக்கு ஆள் வேண்டும் என்று சபையில் கேட்டபோது என் கை தானாக மேலே போனது. ஊழியத்துக்குத்தான் போனது என்று போதகரிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது.

ஈஸ்டருக்கு வந்துவிடுவேன். நம்பியிரு.

உன் அரபா


அனோமாபு
29 நவம்பர் 1987

என் அரபாவுக்கு,

கடிதம் கிடைத்தது. லாரிக்காரன் பொரித்த மீன் தின்ற கையோடு எடுத்து வந்திருக்கிறான். ஆனாலும் படிக்க முடிந்தது. என் இருமல் பரவாயில்லை. அம்மாவின் முழங்கால் மழைக்கு முன்னால் மழையைச் சொல்லுகிறது. குனிந்து ஒன்றும் செய்ய முடியவில்லை. உன் முதுகு சரியாயிற்றா?

சுவருக்கு என் ரொட்டியைக் கேட்டானே, அந்த நாகோஜாவிடம் சொல்: என் ரொட்டி அனோமாபுவில் சாப்பிடச் செய்தது, பாலைவனம் தாண்ட இல்லை.

கடையில் கிறிஸ்துமஸ் ரொட்டி ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது. நாம் எதிரெதிரே நின்று பிசையும் தொட்டியில் மாவைப் போட்டுத் தனியாகப் பிசைகிறேன். என் பக்கம் மிருதுவாகிறது. உன் பக்கம் அப்படியே கிடக்கிறது. தொட்டியைச் சுற்றிப் போய் உன் இடத்தில் நின்றும் பிசைந்து பார்த்தேன். அங்கே நின்றால் எனக்கு ஒரு மாதிரி ஆகிறது. திரும்பி வந்துவிட்டேன்.

அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஈஸ்டர் வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்டா. அதுக்குள்ள உன் பொண்டாட்டி வரணும். வரலேன்னா நான் வேற பொண்ணு பாப்பேன். சபைக்காரங்க என்னை நரகத்துக்கு அனுப்பினா போயிட்டுப் போறேன்." நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஈஸ்டர் என்றால் ஈஸ்டர், தெரிந்ததா?

கோஜோ


கும்பாலிக்
20 டிசம்பர் 1987

அன்புள்ள கோஜோவுக்கு,

சுகமாக இருக்கிறேன், நீயும் அத்தையும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். வறட்டுக் காற்று தொடங்கி உதடெல்லாம் வெடித்துப் போயிற்று. பேசினால் வலிக்கிறது. அதற்காகப் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்துவிடாதே.

இப்போது உட்கார்ந்துகொண்டு படி. எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. பயப்படாதே, முழுசாகப் படி.

போன வாரம் விடியற்காலையில் வடிகட்டும் துணிகளை அலசப் போனேன். பிலிஜோ என்று ஒருத்தியின் வீட்டுக்குப் பின்னால் சாம்பல் கொட்டும் குப்பைமேடு. அதன்மேல் உடைந்த சுரைக்குடுக்கையில் ஒரு பச்சைக் குழந்தை. ஆண் பிள்ளை. தொப்புள்கூட இன்னும் காயவில்லை. உன் பெண்டாட்டியைத் தெரியுமே உனக்கு. வாரி எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டேன். பெத்த பிள்ளையைக் குப்பையில் வீசுகிற பாவிகளா, கர்த்தர் பார்க்கவில்லை என்று நினைத்தீர்களா என்று ஊரே கேட்கும்படி நம்ம மொழியிலேயே கத்தினேன். ஒரு முழுப் பிரசங்கம். சுவருக்குப் பின்னாலிருந்து ஊர் முழுக்க எழுந்து வந்தது. எல்லோரும் கை தட்டுகிறார்கள். பிலிஜோ மண்ணில் மண்டியிட்டு அழுகிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நாகோஜா வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிலிஜோவுக்கு வரிசையாக மூன்று பிள்ளைகள் செத்துப் போய்விட்டார்கள். அதனால் நாலாவதைத் தன் பிள்ளையே இல்லை என்று காட்டக் குப்பையில் வைத்தாள். அந்த வழியாக முதலில் வரும் அசலூர்க்காரி எடுத்தால் பிள்ளை அவளுடையது. பெத்தவள் வெறும் பால் கொடுக்கும் வேலைக்காரி. சாவு வந்து தேடினால் பிலிஜோவுக்குப் பிள்ளையே கிடையாது. பக்கத்து ஊர் சட்டி விற்பவளிடம் சொல்லி ஏற்பாடு செய்து, அவள் வரட்டும் என்று எல்லோரும் ஒளிந்திருக்கிறார்கள். நடுவில் நான் போய்விட்டேன்.

"இப்ப என்ன செய்றது?" என்றேன்.

"செய்றதுக்கு என்னக்கா இருக்கு? புள்ள உன்னுது. நீ எடுக்கும்போதே திட்டினே பாரு, அது ரொம்ப நல்லது. சட்டிக்காரி இவ்வளவு நல்லாத் திட்டியிருக்க மாட்டா."

பெயரும் நான்தான் வைக்க வேண்டுமாம், கேட்கிறவன் மூக்கைப் பிடிக்கிற மாதிரி ஒரு பெயர். நம்ம ஊரிலும் உண்டே. சுமினா என்று வைத்தேன். குப்பைமேடு என்று அர்த்தம் சொன்னதும் ஊருக்கே சந்தோஷம்.

பிலிஜோவிடம் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தேன். "எசமானியம்மா, உங்க புள்ளைய நல்லாப் பாத்துக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள். அந்தக் குழந்தை என் முந்தானையில் இருந்த நேரம் ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம்தான் இருக்கும். இன்னும் அந்த இடம் சூடாக இருக்கிறது, கோஜோ.

அரபா


அனோமாபு
7 பிப்ரவரி 1988

என் அரபாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உதட்டுக்குத் தடவ ஷியாக் கொட்டை வெண்ணெய் அங்கேதான் கிடைக்கிறது. அதை நான் சொல்லவேண்டியிருக்கிறது பார்.

"எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது" என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அடுப்பில் ஒரு தட்டு ரொட்டி கரிந்தது. மீதியைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் கரிந்த தட்டை ராத்திரிவரை சுரண்டிக்கொண்டிருந்தேன்.

விளையாட்டுப் பிள்ளைதானே, அரபா? கொடுத்துவிட்டு வந்துவிடலாம்தானே? நீ அந்தக் கடைசி வரியை எழுதியதனால் கேட்கிறேன்.

மாவு பிசைய ஆள் கிடைத்துவிட்டது. அம்மா ஏற்பாடு செய்தாள். இனி நீ அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஈஸ்டருக்கு லாரி நிலையத்தில் நிற்பேன்.

கோஜோ


கும்பாலிக்
13 மார்ச் 1988

அன்புள்ள கோஜோவுக்கு,

நலம். உன் நலமும் அத்தையின் நலமும் எழுது. உன் கடிதங்கள் வரவர எலும்பாகிக்கொண்டே வருகின்றன. சதையும் சேர்த்து அனுப்பு.

ஒவ்வொரு சந்தை நாளும் எனக்கு இப்போது ஒரு வேலை. எல்லோர் முன்னாலும் பிலிஜோவைத் திட்ட வேண்டும். "ஏண்டி, என் புள்ள ஏன் இப்படி எலி மாதிரி இருக்கு? பால் குடுக்குறியா, சோளக் கள்ளு குடுக்குறியா?" என்று நான் கத்த வேண்டும். அவள் தலை குனிந்து, "மன்னிச்சுக்குங்க எசமானியம்மா" என்று சொல்ல வேண்டும். சந்தையே வேடிக்கை பார்க்கும். முதல் தடவை எனக்கு வாயே வரவில்லை. நாகோஜா பக்கத்தில் நின்று, "அக்கா, உன் மாமியாரை நினைச்சுக்கோ" என்றான். அப்புறம் நன்றாக வந்தது. அத்தையிடம் சொல்லிவிடாதே.

போதகர் ஆர்ஹின் என்னைத் தனியே கூப்பிட்டார். "அரபா, இது அஞ்ஞானச் சடங்கு. நாம இதை மாத்தத்தான் வந்திருக்கோம், இதுல சேர இல்ல" என்றார். "போதகரே, நான் திட்ட மட்டும்தான் செய்றேன். திட்டக்கூடாதுன்னு பத்துக் கட்டளையில எங்க இருக்கு?" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். நல்ல மனுஷர். இன்னும் யோசிக்கிறார்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு என்னால் வர முடியாது. போன மாதம் வடிகட்டும் துணி வாங்கப் பக்கத்து டவுன் சபோபாவுக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கினேன். திரும்பி வந்தால் சுமினாவுக்கு நெருப்பாகக் காய்ச்சல். பிலிஜோ அழவில்லை. பாதையைப் பார்த்தபடி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எசமானியம்மா ஊருல இல்லேன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். சாவைப் பெயர் சொல்லிப் பேசமாட்டார்கள் இங்கே. கொசுவால் வந்த காய்ச்சல்தான், எனக்குத் தெரியும். மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தேன், இறங்கிற்று. ஆனால் பிலிஜோவைப் பொறுத்தவரை காய்ச்சலை இறக்கியது மாத்திரை இல்லை, நான் வந்ததுதான். பிள்ளை தன் காலால் சந்தைக்கு நடந்து வரும்வரை எசமானி ஊரில் இருக்க வேண்டுமாம். நடந்துவிட்டால் அவள் என்னிடமிருந்து முறைப்படி விலை கொடுத்து வாங்கிக்கொள்வாள். அப்புறம் எனக்கு விடுதலை.

வருஷக் கடைசிக்குள் நடந்துவிடுவான். கோபப்படாதே. அத்தையிடம் நீ பேசு.

மாவு பிசைய வந்த ஆள் யார்?

அரபா


அனோமாபு
15 மே 1988

அரபாவுக்கு,

நாங்கள் நலம்.

ஈஸ்டர் வந்தது, போனது. ரொட்டி நன்றாக விற்றது. உன் கடிதம் ஈஸ்டர் முடிந்த பிறகுதான் வந்தது. நான் லாரி நிலையத்தில் ஒரு நாள் பூராவும் நின்றேன். தெரிந்தவர்கள் எல்லோரும், "யாருக்குக் காத்திருக்கே?" என்று கேட்டார்கள். உப்பு லாரிக்கு என்றேன்.

என் பிறந்த நாளுக்குப் பாமாயிலில் மசித்த வள்ளிக்கிழங்கும் முட்டையும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

கோஜோ


கும்பாலிக்
19 ஜூன் 1988

அன்புள்ள கோஜோவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு மனசுக்குத்தான். நீ நின்ற அந்த நாளுக்கு நான் என்ன சொல்லியும் ஈடாகாது. மன்னித்துவிடு என்று எழுதினால் அது சின்ன வார்த்தையாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

இங்கே போன ஞாயிறு முதல் ஞானஸ்நானம். கிணற்றில் தண்ணீர் வந்ததிலிருந்து கூட்டம் அதிகம். பிலிஜோவும் சுமினாவைக் கொண்டுவந்தாள். போதகர், "பிள்ளையின் தாய் யார்?" என்று முறைப்படி கேட்டார். ஊரே ஒன்றாக என்னைக் கைகாட்டியது. போதகருக்கு வியர்த்துவிட்டது. "தேவ சந்நிதியில பொய் சொல்லக் கூடாது. பிலிஜோ, நீ பெத்த புள்ளதானே? என் பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்றார். நாகோஜா அதை மாற்றிச் சொல்லும்போது அவன் முகத்தில் கேலியே இல்லை.

பிலிஜோ வாயைத் திறக்கவில்லை. முகமெல்லாம் சாம்பலாகப் போயிற்று. அந்த வார்த்தையைச் சொன்னால் பிள்ளை போய்விடும் என்று நிற்கிறாள். சொல்லாவிட்டால் ஞானஸ்நானம் இல்லை. நான் எழுந்து போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். "நான்தான் தாய், போதகரே" என்றேன்.

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். என் பெண்ணை அடக்கம் செய்தபோது ஜெபம் பண்ணியவரும் அவர்தானே. குப்பைமேடு என்று மட்டும் கூப்பிட முடியாது என்று சொல்லி, வேதத்தில் விலைக்குப் போன பிள்ளை யோசேப்புதானே என்று அந்தப் பெயரை வைத்துத் தண்ணீர் தெளித்தார். தேவ சந்நிதியில் பொய் சொன்னேனா என்று கேட்டால், அந்த நேரத்தில் எனக்கு அது பொய்யாகவே தெரியவில்லை. இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

இப்போது நான் கேட்கிறேன். உன் பிறந்த நாளுக்கு மசித்த கிழங்கு கட்டி தட்டாமல் வர வேண்டுமானால் கை ஓய அரை நாள் மசிக்க வேண்டும். ரொட்டி சுடுவதைத் தவிர உனக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கக்கூடத் தெரியாது. அத்தையால் குனிய முடியாது. மசித்தது யார்?

அரபா


கும்பாலிக்
4 செப்டம்பர் 1988

அன்புள்ள கோஜோவுக்கு,

நலம். நீங்கள் நலம்தானா?

மழையில் பாதை அறுத்துக்கொண்டு போயிற்று, லாரி வராது, அதனால்தான் கடிதம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் லாரி வந்தது. வாத்தியாருக்குக் கடிதம் வந்தது. கொத்தனார்கள் இரண்டு பேருக்கும் வந்தது. போதகருக்கு அவர் மனைவி கருவாடுகூட அனுப்பியிருக்கிறாள்.

சுமினா என் இடுப்புத் துணியைப் பிடித்து எழுந்து நிற்கிறான். நின்றுவிட்டு என்னைப் பார்க்கிறான், ஏதோ பெரிய உதவி செய்துவிட்ட மாதிரி.

பதில் எதுவானாலும் எழுது. எதுவும் வராமல் இருப்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அரபா


அனோமாபு
30 அக்டோபர் 1988

என் அரபாவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இருமல் திரும்ப வந்திருக்கிறது. இதுவரை எழுதாததற்குக் காரணம் இருமல் இல்லை.

கிழங்கை மசித்தது அட்வியா. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி மகள், இருபத்திரண்டு வயது. மாவு பிசைய என்று பிப்ரவரியில் வந்தாள். நல்ல பெண். வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே நடக்கிறாள். அம்மாவுக்கு மறுபடி பசி எடுக்கிறது. ஏன் கூட்டி வந்தாள் என்று எனக்கு முதல் நாளே தெரியும். உனக்கு எழுதவில்லை.

அவளை நான் தொடவில்லை. தொடும் நினைப்பே வரவில்லை என்று சொன்னால் பொய். அவள் உன் பக்கம் நின்றுதான் மாவு பிசைகிறாள். அந்தப் பக்கமும் மிருதுவாகிறது, அரபா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன்னைப் போக விட்டது என் பெருந்தன்மையால் இல்லை. நீ பின்கட்டில் அழுவதைக் கேட்காமல் கொஞ்ச நாள் தூங்கலாம் என்றுதான் சும்மா இருந்தேன். நீ போனதற்குப் பிறகு தூக்கமே போய்விட்டது. பிள்ளை வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருக்கிறது. உன் ஆசையே வீட்டை நிறைத்துக்கொண்டிருந்தது, என்னுடையதை எங்கே வைப்பது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு பெண் கேட்டு அட்வியா வீட்டுக் கதவைத் தட்டப் போக அம்மா சாராய பாட்டில் வாங்கி வைத்துவிட்டாள். மாமன்மார்களுக்கும் சொல்லியாயிற்று. "உன் பொண்டாட்டி ஊரான் புள்ளைக்குத் தாயா இருக்கா. உன் புள்ளைக்கு யாருடா தாய்?" என்று கேட்கிறாள்.

நீ வந்து வாசலில் நின்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். நீ இல்லாமல் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கோழைதான், இருந்துவிட்டுப் போகிறேன். எனக்கு வேறு யாரும் வேண்டாம். நீ வேண்டும். வா.

கோஜோ


தமாலே லாரி நிலையம்
14 டிசம்பர் 1988

அன்புள்ள கோஜோவுக்கு,

வரும் வழியில் எழுதுகிற இந்தக் கடிதத்தை லாரிக்காரனிடம் கொடுக்கப் போவதில்லை. நானே கொண்டுவந்து உன் கையில் தருவேன். வாயால் சொல்ல எனக்கு வராது. நீ படித்து முடிக்கும்வரை நான் பின்கட்டில் இருப்பேன், அழாமல்.

உன் கடிதம் கிடைத்தபோது நவம்பர் முடிந்துவிட்டது. சுமினா நிற்பான், இரண்டு அடி வைப்பான், உட்கார்ந்துவிடுவான். பிலிஜோவிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "எசமானியம்மா, உங்க வூட்டுக்காரரு ரொம்பப் பொறுத்துட்டாரு. ஆனா உங்க புள்ள இன்னும் நடக்கலியே" என்று சொல்லி என் காலைப் பிடித்துக்கொண்டாள். விட்டுவிட்டுப் போகட்டுமா என்று என்னால் கேட்க முடியவில்லை. சீக்கிரம் நடக்க வேண்டும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். கண்ணை மூடியபடியே, இன்னும் கொஞ்ச நாள் நடக்கக் கூடாது என்றும் அதே வாயால் கேட்டேன். எந்த ஜெபத்தைக் கேட்பது என்று அவருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை சந்தை. பிலிஜோ சந்தை முனையில் அவனை இறக்கிவிட்டாள். வள்ளிக்கிழங்குக் குவியலுக்கு நடுவில் அவன் நேராக என்னிடம் நடந்து வந்தான். கினிக்கோழிக் கூடையில் இடித்துக்கொண்டான், விழவில்லை. சனமெல்லாம் ஹோ என்றது. என் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

நாகோஜா என் காதில் சொன்னான். "அக்கா, இப்ப விக்கணும். இது ஒதவாத புள்ளன்னு சத்தமாச் சொல்லணும். எவ்வளவுக்கு எவ்வளவு கேவலமாச் சொல்றியோ அவ்வளவுக்கு அவனுக்கு ஆயுசு. நடுவுல குரல் ஒடஞ்சா எல்லாம் போச்சு. வித்ததுக்கு அப்புறம் அவனை நாய வெரட்டுற மாதிரி மண்ணாங்கட்டி எறிஞ்சு வெரட்டணும். அவன் கையில இருந்து எதுவும் வாங்கக் கூடாது. வாங்கினா மறுபடி நீதான் தாய்."

சொன்னேன், கோஜோ. இந்தக் கால் கோணல், இந்தக் காது பெரிசு, ராத்திரி பூராவும் கத்தும், ஒரு வள்ளிக்கிழங்குக்குக்கூட இதைக் கேட்பார் இல்லை, எனக்கு இது வேண்டாம், இதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் என்றேன். காது பெரிசு என்று சொல்லும்போது அந்தக் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் உடையவில்லை. ஒரு வருஷமாகத் திட்டிப் பழகிய குரல். சந்தையில் எல்லோரும் நான் பிரமாதமாகச் சொன்னேன் என்றார்கள். போதகர் ஆர்ஹின் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றார்.

பிலிஜோ ஒரு சுரைக்குடுக்கை நிறையச் சோளம் கொண்டுவந்து என் காலடியில் கொட்டினாள். பிள்ளையைத் தூக்கினாள். பிறகு ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, "எம்புள்ள" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒரு தடவை சொன்னவள் நிறுத்தவில்லை. எம்புள்ள, எம்புள்ள என்று சொல்லிக்கொண்டே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பிப் பார்க்காமல் லாரியை நோக்கி நடந்தேன். அழக் கூடாது.

பின்னால் சின்னச் சின்னக் காலடி. அவள் மடியிலிருந்து இறங்கி என் பின்னாலேயே வருகிறான். சனமெல்லாம், "வெரட்டு, வெரட்டு" என்றது. குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தேன். அவன் மேல் படாமல் பக்கத்தில் விழும்படி எறிந்தேன். அவன் நின்றான். உருண்டு போன மண்ணாங்கட்டியைப் பார்த்தான். விளையாட்டு என்று நினைத்துவிட்டான், கோஜோ. ஒரே சிரிப்பு. தட்டுத் தடுமாறிப் போய் அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, என்னிடம் கொடுக்கக் கொண்டுவந்தான்.

லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். பிள்ளை என் முன்னால் நின்றுகொண்டு கையை நீட்டுகிறான். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் உயர்த்தி நீட்டினான், எனக்கு எட்டவில்லை என்று நினைத்து.

முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுக்காமலேதான் லாரி ஏறினேன். நாகோஜா இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுவேன். வாசலில் வந்து நிற்கிறேன், நீ உன் அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல். அத்தைக்கும் அட்வியாவுக்கும் என் அன்பு. உன் இருமலுக்கு ஒரு வேர் கொண்டு வருகிறேன்.

உன் அரபா